பதினாலாம் நம்பர்: ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ரோம்

ஒரு சின்ன கேள்வி. நீங்க குடியிருக்கற வார்டு நம்பர் என்ன? யோசிக்காம சொல்ல முடியுதா?

எனக்கு ரொம்ப நாளா தெரியாது. போன மழையில எங்க தெருவுல மூணு நாள் தண்ணி நின்னுச்சு. புகார் கொடுக்க போன் பண்ணேன். என் பேரைக் கேக்கல, தெருவைக் கேக்கல. "எந்த வார்டு சார்?" அதுதான் முதல் கேள்வி. நான் முழிச்சேன்.

அந்தக் கேள்வி என்னை 2000 வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு வார்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. ரோம் நகரத்தோட 14-ஆவது பகுதி. லத்தீன்ல அதுக்குப் பேரு டிரான்ஸ்டிபெரிம். அப்படின்னா 'டைபர் நதிக்கு அந்தப் பக்கம்'. பேரைக் கேட்டாலே தெரியுது இல்லையா, பேரு வெச்சவங்க இந்தப் பக்கம் இருந்தவங்கன்னு.

ரோம் முதல்ல வளர்ந்தது டைபரோட கிழக்குக் கரையில. மேற்குக் கரை ரொம்ப காலம் அந்நிய மண். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுல பன்னிரண்டு பலகைகள்ல ரோமோட சட்டங்களை எழுதி வெச்சாங்க. கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவனை டைபருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடிமையா விக்கலாம்னு அதுல ஒரு விதி இருந்தது. அதாவது, ஆத்தைத் தாண்டினா வெளிநாடு.

அங்கிருந்து நானூறு வருஷத்துக்கு மேல தாண்டி வருவோம். கி.மு. 7. பேரரசர் அகஸ்டஸ் நகரத்தை 14 பகுதிகளா பிரிக்கிறார். ஒவ்வொரு பகுதிக்குள்ளயும் 'வீகுஸ்'னு சின்னச் சின்ன வட்டாரங்கள். அந்நிய மண்ணா இருந்த மேற்குக் கரைக்கும் ஒரு நம்பர் கிடைச்சது: 14. வரிசையில கடைசி.

எதுக்காக இந்தப் பிரிவினை? நிர்வாக வசதிக்குன்னு ஒரே வரியில சொல்லிடலாம். ஆனா பின்னால அரசியல் இருக்கு. ரோம்ல ஒவ்வொரு தெருச் சந்திப்புலயும் லாரெஸ்னு காவல் தெய்வங்களுக்கு ஒரு பீடம் இருக்கும். அதைச் சுத்தித்தான் அந்த ஏரியா ஆளுங்க கூடுவாங்க. கி.மு. 58-ல கிளோடியஸ்ங்கற அரசியல்வாதி இந்தத் தெருச் சங்கங்களைத் திரட்டித்தான் நகரத்தையே ஆட்டிப் படைச்சான். அப்புறம் எக்னேஷியஸ் ரூஃபஸ்னு ஒருத்தர். சொந்த செலவுல ஆள் வெச்சு ஊர்ல பிடிச்ச தீயை அணைச்சார், மக்கள் கொண்டாடினாங்க. கடைசியில சதி வழக்குல அவருக்கு மரண தண்டனை. தெருவைக் கையில வெச்சிருக்கறவன் ஆபத்தானவன். அகஸ்டஸுக்கு இது நல்லாவே புரிஞ்சிருந்தது.

அவர் சங்கங்களோட சண்டை போடல, அதுக்கெல்லாம் பதவி கொடுத்தார். ஒவ்வொரு வீகுஸுக்கும் உள்ளூர் தலைவர்கள். அவங்கள்ல நிறைய பேர் விடுதலையான அடிமைகள். பெரிய அரசுப் பதவி எதுவும் அவங்களுக்குக் கிடைக்காது. ஆனா வருஷத்துல சில நாள் கரை போட்ட டோகா உடுத்திக்கலாம், முன்னாடி ரெண்டு சேவகர் நடப்பாங்க. பதிலுக்கு ஒரே ஒரு விஷயம்தான்: தெருமுனைத் தெய்வத்தோட சேர்த்து அகஸ்டஸோட ஜீனியஸையும், அதாவது அவரோட காவல் ஆவியையும், கும்பிடணும்.

சரி, 14-ல யாரெல்லாம் இருந்தாங்க? படகுல வர்ற சரக்கை இறக்கறவங்க, தோல் பதனிடறவங்க, கந்தக நெருப்புக் குச்சியைக் கொடுத்து உடைஞ்ச கண்ணாடியை வாங்கற தெரு வியாபாரிங்க. போர்க் கைதிகளா வந்து, விடுதலையாகி, குடிமக்களா ஆன யூதர்கள் பெரும்பாலும் இங்கதான் இருந்தாங்கன்னு அவங்க காலத்துலயே ஃபைலோ எழுதியிருக்கார். பின்னால எடுத்த ஒரு பட்டியல்ல இந்தப் பகுதிக்கு 78 வீகுஸ், 14 பகுதிகள்லயே அதிகம். இன்சுலானு சொல்ற வாடகைக் குடியிருப்புகள் 4405. பணக்கார வீடுகள் 150.

இப்போ தண்ணிக்கு வர்றேன். என்னைத் தூங்க விடாத பகுதி இதுதான்.

கி.மு. 2-ல அகஸ்டஸ் இதே கரையில ஒரு பிரம்மாண்ட குளம் வெட்டினார். 1800 ரோமன் அடி நீளம், 1200 அடி அகலம். எதுக்கு? பொய்க் கடற்போர் நடத்த. துடுப்பு போடறவங்களைச் சேர்க்காமலே ஏறக்குறைய 3000 பேர் அதுல சண்டை போட்டாங்க. குளத்தை நிரப்ப அல்சியெட்டினானு ஒரு தனிக் கால்வாய், நீளம் சுமார் 33 கிலோமீட்டர். ஆனா அது குடிக்க லாயக்கில்லாத தண்ணி. இதைச் சொன்னவர் கி.பி. 97-ல ரோமோட தண்ணீர் துறைக்குத் தலைமை ஏற்ற ஃபிரான்டினஸ். 14-ஆவது பகுதிக்கு நல்ல தண்ணி பாலங்கள் வழியா எதிர்க்கரையில இருந்துதான் வந்தது. பாலத்துல ரிப்பேர் வேலை நடந்தா அது நின்னுடும். அந்த நாட்கள்ல பொதுக் குழாய்கள்ல எந்தத் தண்ணி வந்திருக்கும்னு நினைக்கறீங்க? அதே அல்சியெட்டினாதான். அதையும் ஃபிரான்டினஸே எழுதி வெச்சிருக்கார்.

வேடிக்கைக்கு வெட்டின குளத்தோட தண்ணிதான் இவங்களுக்கு அவசர சப்ளை.

கி.பி. 109-ல பேரரசர் டிராஜன் புதுக் கால்வாய் கட்டினார். அது நேரா இந்தக் கரையில இருக்கற ஜனிகுலம் குன்றுக்கே வந்தது. பாலத்தை நம்ப வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்க. நம்பர் கிடைச்சது கி.மு. 7-ல, நல்ல தண்ணி சொந்தக் கரைக்கு வந்தது கி.பி. 109-ல. நடுவுல 115 வருஷம். ஏறக்குறைய நாலு தலைமுறை.

ஆனா கதை இவ்வளவுதான்னு முடிச்சா அது நியாயம் இல்ல. அகஸ்டஸ் கி.பி. 6-ல 'விகிலெஸ்'ங்கற இரவுக் காவல், தீயணைப்புப் படையை அமைச்சார். 7 பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பகுதி. இதுல சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க விடுதலையான அடிமைகள். முழுக் குடியுரிமை இல்லாதவங்க ஆறு வருஷம் வேலை செஞ்சா அது கிடைக்கும்னு கி.பி. 24-ல சட்டம் வந்தது, பின்னால அது மூணு வருஷமா குறைஞ்சது. பகுதிகளைப் பிரிச்ச அதே கணக்குதான் இவங்களுக்கு மேல ஏற ஒரு படியும் போட்டுக் கொடுத்தது.

ஏழாவது பிரிவோட காவல் நிலையம் ஒண்ணை 1860-கள்ல இதே பகுதியில தோண்டி எடுத்தாங்க, இன்னைய தெருவுக்கு சுமார் 8 மீட்டர் கீழ. சுவர் முழுக்க அந்தக் காவலர்கள் கிறுக்கின எழுத்து. அதுல ஒருத்தன் எழுதியிருக்கான்: நான் களைச்சுட்டேன், மாத்து ஆளை அனுப்புங்க.

பட்டியல்ல 4405-ஆ இருந்த வாழ்க்கைக்கு அந்தச் சுவர்ல ஒரு குரல் இருக்கு. நம்பர் போட்டது மேல இருந்தவங்க. அதுக்குள்ள இருந்து பேசினது இவங்க.

அந்தப் பகுதி இன்னைக்கும் ரோம்ல இருக்கு. பேரு டிராஸ்டெவெரே. அதே 'ஆத்துக்கு அந்தப் பக்கம்'. நம்பர் மட்டும் இப்போ 13.

என் வார்டு நம்பரை நான் மனப்பாடம் பண்ணிட்டேன். புகார் இன்னும் நிலுவையிலதான் இருக்கு. உங்க நம்பரையும் இன்னைக்கே தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.