மூச்சும் உயிர்ப்பும்
முளைகட்ட ஈரத்துணியில் முடிந்துவைத்த பயற்றுக்குள் விரல் விட்டால் இளஞ்சூடு தெரியும். பயற்றுக்கு நுரையீரல் ஏது? அதன் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அந்த வேலையில் வரும் சூடு அது. செல்லின் இந்த வேலைக்கும் ‘சுவாசம்’, நெஞ்சு ஏறி இறங்குவதற்கும் ‘சுவாசம்’ என்றால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? வடமொழிச் ‘சுவாசம்’ மூச்சையே குறித்த சொல். ஆங்கில ‘ரெஸ்பிரேஷ’னும் அப்படித்தான், மூச்சுவிடுதலைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து பிற்காலத்தில் செல்லுக்குள் போனது. நம் ‘உயிர்த்தல்’ பழந்தமிழில் மூச்சுவிடுதல், ஈனுதல் இரண்டுமே. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. இன்றோ ‘உயிர்ப்பு’ துடிப்பைக் குறிக்கிறது, கிறித்தவர்களுக்கு இயேசு உயிர்த்தெழுந்ததை. மூச்சுப் பொருள் பேச்சில் உதிர்ந்துவிட்டதால், செல்லில் நடப்பதை ‘உயிர்ப்பு’ என்றும் நுரையீரல் செய்வதை ‘மூச்சுவிடுதல்’ என்றும் பிரித்துவிடலாம் என்பேன். ‘செல் சுவாசம்’, இலங்கையின் ‘கலச்சுவாசம்’ இரண்டிலும் ‘சுவாசம்’ ஒட்டியிருப்பதால் அவை பாதி வழிதான்.