மருத்துவ ஆலோசனையில் உடன்வருவோரும் இணையக் குழுக்களும்

மருத்துவரும் நோயாளியும் தனியே பேசி முடிவெடுப்பதே மருத்துவ ஆலோசனை என்று இன்று கருதப்படுகிறது. இது பழைய வழக்கமன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. சரக சம்கிதையிலும் இதே நான்கு உண்டு. ஆனால் இந்நூல்களில் உடனிருப்பவர் பணிவிடை செய்பவர் மட்டுமே.

உறவினர் முடிவெடுப்பவராகவும் இருந்தனர் என்பதை ஜான் ஜான்சன் என்ற மானிடவியலாளர் 1978-ல் வெளியிட்ட நூல் காட்டுகிறது. இன்றைய காங்கோ சனநாயகக் குடியரசின் மேற்குப் பகுதியில் வாழும் கொங்கோ மக்களிடையே அவர் ஆய்வு செய்தார். அங்கு ஒருவர் நோயுற்றால் உறவினர் கூடி, மருத்துவமனைக்குச் செல்வதா, நாட்டு வைத்தியரிடம் செல்வதா என்று தீர்மானித்தனர்.

மேற்கத்திய மருத்துவமனைகளோ உடன்வருவோரை வாசலிலேயே நிறுத்தின. பிரிட்டனில் குழந்தைகளைப் பெற்றோர் குறித்த நேரத்தில்தான் பார்க்க முடிந்தது. மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் துயரை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் படமாக்கிக் காட்டினார். பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 1959-ல் பிளாட் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை தானாக நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1961-ல் லண்டன் தாய்மார்கள் சிலர் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது.

தனித்தனியே வருபவர்கள் குழுவாகச் சேர்வதை இணையம் எளிதாக்கியது. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று அறிந்த ழில் ஃபிரிட்மேன், மின்னஞ்சல் குழு ஒன்றின் வழியே பிற நோயாளிகளிடம் விவரம் கேட்டார். அந்த அனுபவத்திலிருந்து 1995-ல் புற்றுநோயாளிகளுக்கான இணையக் குழுக்களின் கூட்டமைப்பை நிறுவினார். உடன்வந்த கணவரே வலையமைப்பைக் கட்டியவரும் ஆனார்.

இத்தகைய குழுக்களின் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டுவது லித்தியம் நிகழ்வு. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோய் அமெரிக்கரான ஸ்டீபன் ஹேவுட்டுக்கு இருப்பது 1998-ல் தெரியவந்தது. அவருடைய சகோதரர்கள் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 2004-ல் 'பேஷன்ட்ஸ் லைக் மீ' என்ற தளத்தைத் தொடங்கினர். 2008-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், லித்தியம் இந்நோயின் வேகத்தைக் குறைப்பதாக அறிவித்தனர். மருந்து பெற்றவர்கள் வெறும் 16 பேர். 15 மாதங்களில் அவர்களில் எவரும் இறக்கவில்லை என்றது அறிக்கை. மரணத்தை எதிர்நோக்கியிருப்பவருக்கு அந்த எண் சிறியதாகத் தோன்றாது. லித்தியம் மனநோய்க்கு ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த மருந்து. எனவே மருத்துவர் சீட்டு எழுதினால் போதும். நோயாளிகள் கேட்டனர், மருத்துவர்கள் பலர் எழுதிக்கொடுத்தனர்.

மருந்து உட்கொண்டவர்கள் தம் அளவையும் உடல்நிலையையும் தளத்தில் பதிந்தனர். அவர்களில் 149 பேரை, அதே போக்கில் நோய் முற்றிவந்த, லித்தியம் உட்கொள்ளாத உறுப்பினர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. லித்தியத்தால் பயனில்லை என்பதே முடிவு. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத குழுக்கள் என்பது அந்த ஆய்வின் பலவீனம்தான். ஆயினும் மருத்துவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 84 பேரிடம் முறைப்படி நடத்திய சோதனையும், பயன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.