கைப்பேசியும் கோம்பையின் மூன்றெழுத்தும்



தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோம்பை என்னும் பேரூர் ஒன்று உண்டு. அதுவே என் ஊர். மேற்கே நிமிர்ந்து நோக்கினால் இராமக்கல்மேடு தெரியும். அதற்கப்பால் கேரள நாடு. நாய்களைப் பற்றிப் படித்தோர் எங்கள் ஊரின் பெயரை அறிந்திருப்பர். செம்பழுப்பு மேனியும் கருத்த வாயும் உடைய கோம்பை நாய் இவ்வூரின் பெயரைத் தாங்கியது. ஆயினும் இன்று நான் பேச வந்தது நாயைப் பற்றி அன்று, கைப்பேசியைப் பற்றி. புதிதாகக் கைப்பேசி வாங்கப் புகுவோர் அதனுள் இருக்கும் இயங்குதளத்தை எவ்வாறு ஆராய்ந்து தேர்வது என்பதே என் பொருள். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் பேத்தியும் அதையே கேட்டாள்.

அவள் உத்தமபாளையத்தில் கல்லூரியிற் சேர்ந்தது 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அவள் தந்தை மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, இருட்டிய பின் இறங்குபவர். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தது பதினையாயிரம் ரூபாய். அதைக் கொண்டு வாங்கும் கைப்பேசி, அவள் பட்டம் பெறும் வரையிலேனும் உழைக்க வேண்டும். இரண்டாம் முறை வாங்க வழியில்லை. அவள் உள்ளமோ இருவழிப்பட்டு நின்றது. அத்தொகைக்குப் புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசி கிடைக்கும். அல்லது ஒருவர் பயன்படுத்தி விற்ற பழைய ஐபோன் கிடைக்கும். தோழியர் எதை வைத்திருந்தனர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

“தாத்தா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றாள். “நாய்க்குட்டி வாங்குகிறவன் முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்வான், அம்மா. நாமும் மரபைப் பார்ப்போம்” என்றேன்.

இயங்குதளம் என்பது யாது? கைப்பேசியின் உறுப்புகளாகிய திரை, ஒலிவாங்கி, நினைவகம், அலைவாங்கி ஆகியவற்றுக்கும், நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று அனைத்தையும் ஆளும் அடிப்படை நிரல் அது. இன்று உலகில் பெரும்பாலும் நிலவுவன இரண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் இயங்குதளம் அந்நிறுவனத்தாருக்கே உரியது, பிறர் கைப்பேசிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆண்ட்ராய்டு 2003 இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 2005 இல் கூகுளின் கைக்குச் சென்று, 2008 இல் முதற் கைப்பேசியாக விற்பனைக்கு வந்தது. அதைப் பல நிறுவனங்கள் எடுத்துத் தத்தம் கருவிகளில் அமைக்கின்றன. இந்தியாவிற் புழங்கும் கைப்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்டு வகையினவே.

இவ்விரண்டும் பகைவர் போலக் காட்சி தருகின்றன. மரபைத் தேடிச் சென்றால் வேறு செய்தி கிடைக்கிறது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்னும் கணினி இயங்குதளம் பிறந்தது. ஆப்பிளின் தளம் அதன் வழித்தோன்றல். ஆண்ட்ராய்டின் உள்ளீடாகிய லினக்ஸ், 1991 இல் பின்லாந்து மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸின் நெறியைப் பின்பற்றி எழுதத் தொடங்கியது. ஒன்று பெற்ற பிள்ளை, மற்றொன்று வளர்ப்புப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஒருத்தியே.

ஆயினும் தமிழர் இவற்றை ஒப்பிடும்போது, ஆங்கில இதழ்கள் ஒப்பிடும் முறை போதாது. நமக்கென்று ஓர் உரைகல் உண்டு. அதற்கு என் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

‘கோம்பை’ என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் மூன்றெழுத்து: கோ, ம், பை. கையால் எழுதுவோர் முதலில் இரட்டைக்கொம்பு இடுகிறோம், பின் ககரம், பின் கால், பின் மகரமும் அதன்மேற் புள்ளியும், பின் ஐகாரக் குறி, இறுதியிற் பகரம். ஆனால் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்னும் குறியீட்டு முறை, எழுதும் வரிசையைக் கொள்வதில்லை; ஒலிக்கும் வரிசையையே கொள்கிறது. ககரம், ஓகாரக்குறி, மகரம், புள்ளி, பகரம், ஐகாரக்குறி என ஆறு குறியீடுகளாகச் சேமித்து வைக்கிறது. ஓகாரக்குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் ககரத்தின் முன்னும் மறுபாதியைப் பின்னும் நிறுத்துவதும், ஐகாரக்குறியைப் பகரத்துக்கு முன்னே கொண்டுவருவதும் இயங்குதளத்தின் கடமை. அக்கடமை அறியாத தளத்தில் எங்கள் ஊர் சிதறிக் கிடக்கும். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், இடையிடையே புள்ளிகளால் ஆன வெறும் வட்டங்கள். எழுத்துருவே இல்லாத கருவியிலோ ஊர் முழுவதும் கட்டங்கட்டமாகத் தோன்றும்.

இத்தொல்லை கைப்பேசியோடு பிறந்ததன்று. ஓலையில் எழுதினோர் புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். ஓகார ஒகர வேறுபாடும் ஓலையில் தெளிவாக இராது. இரட்டைக்கொம்பைப் புகுத்தி அவ்வேறுபாட்டைக் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டினராகிய வீரமாமுனிவர் என்பது வழக்கு. பின்னர் 1978 இல் தமிழ்நாட்டரசு, பெரியார் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, ளை, னை போன்றவற்றை ஒரே நெறிக்குக் கொண்டுவந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் வந்த இடர் பின்னாளிற் கைப்பேசிக்கும் வந்தது.

யூனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை அமைந்தது. ஆனால் அவை கணினிக்கு ஆன ஏற்பாடுகள். எங்கள் பள்ளத்தாக்கில் எளியோர் கையில் முதலில் வந்தது கணினி அன்று. பொத்தான் வைத்த கைப்பேசி. அதிற் குறுஞ்செய்தி அனுப்புவதில் ஒரு கணக்கு இருந்தது. உரோமன் எழுத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் எழுதினால் 70 குறியீடுகளே கொள்ளும். ஒரே சேதிக்குத் தமிழன் இரு மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் உரோமன் எழுத்தில் தமிழை எழுதப் பழகினதற்குச் சோம்பலையே காரணம் காட்டுவோர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

அந்நிலையில் மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் ‘செல்லினம்’ என்னும் செயலியை உருவாக்கினார். முன்னரே ‘முரசு அஞ்சல்’ என்னும் கணினி மென்பொருளால் அறியப்பட்டவர் அவர். 2005 ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் செல்லினம் அறிமுகமாயிற்று. இயங்குதளம் தமிழை அறியாவிட்டால், செயலி தானே அறிந்துகொள்ளும் என்பது அம்முயற்சியின் துணிவு. பின்னர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அது வந்து சேர்ந்தது. 2013 இல் வெளியான ஆப்பிளின் ஏழாம் பதிப்பில், அஞ்சல், தமிழ் 99 என்னும் இரு விசைப்பலகைகளும் தளத்தினுள்ளேயே அமைந்தன. ஆண்ட்ராய்டில் தமிழ் திருத்தமாகத் தெரியத் தொடங்கியது 2012 ஐ ஒட்டிய பதிப்புகளில். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கருவியின் பட்டியல்களையே தமிழிற் படிக்கலாயிற்று.

இவ்விடத்தில் என் மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை ஆண்ட்ராய்டுக்குத் தலைமை ஏற்றதாலன்றோ இது நடந்தது என்றார். பெருமை கொள்வதிற் குற்றமில்லை. ஆனால் அவர் அப்பொறுப்பை ஏற்றது 2013 இல். அதற்கு முன்னரே எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தன. ஆண்டுகளை வரிசைப்படுத்தாமல் காரணம் சொல்லுதல் வரலாறு ஆகாது.

இனி, மறைந்துபோன தளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை பல. 1998 இல் இலண்டனில் தொடங்கிய சிம்பியன், நோக்கியாக் கைப்பேசிகளின் உயிராக நின்றது. நம் திருப்பெரும்புதூரில் 2006 இல் திறக்கப்பட்ட நோக்கியாத் தொழிற்சாலை 2014 இல் மூடப்பட்டது. விண்டோசுக் கைப்பேசி 2010 இல் வந்தது. அதன் கடைசித் தளத்துக்கு அளித்த பேணுகை 2020 சனவரியில் நின்றது. பயர்பாக்ஸ் தளத்துடன் இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான கைப்பேசி 2014 இல் இந்தியாவில் விற்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அம்முயற்சியும் ஓய்ந்தது. பிளாக்பெர்ரியின் பழைய தளங்களுக்கான சேவை 2022 சனவரி 4 ஆம் நாளுடன் முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவிற் பிறந்த பார்ஓஎஸ் 2023 இல் அறிமுகமாயிற்று; அது பொதுமக்கள் கடைக்குச் சென்று கேட்டு வாங்கும் பொருளாக இன்னும் ஆகவில்லை.

ஒரு தளம் மறைந்தால் நமக்கென்ன என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். என் தமையனார் மலைமேல் ஒரு தோட்டத்திற் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் இறங்கமாட்டார். ஊரின் மேற்கோரத்தில் நின்றாற் கேரளத்து அலை வந்து என் கைப்பேசியிற் புகுந்துகொள்ளும். அழைப்பை ஏற்பதற்கும் அந்நாளிற் கட்டணம் உண்டு. ஆதலால் பேசுவதைக் குறைத்து எழுதிக்கொண்டோம். ஏலக்காயின் விலை, போடிநாயக்கனூர் ஏலத்தில் எந்தத் தரம் எவ்வளவுக்குப் போயிற்று, யானை வந்த இரவு, எங்கள் தாயாரின் கால்வலி, இவற்றையெல்லாம் நல்ல தமிழில், ஒற்றுப் பிழையின்றி எழுதுவார். நான்காண்டுக் கடிதங்கள் என் கைப்பேசியில் இருந்தன. 2016 இல் அவர் காலமானார்.

என் கைப்பேசியின் தளம் கைவிடப்பட்ட தளங்களில் ஒன்று. பெயரைச் சொல்வதாற் பயனில்லை. ஒருநாள் செய்திச் செயலி, இன்ன தேதிக்குப் பின் இக்கருவியில் இயங்கமாட்டேன் என்று அறிவித்தது. கடிதங்களை வேறு தளத்துக்கு மாற்ற இயலுமா என்று தேனியில் இரண்டு கடைகளிற் கேட்டேன். இயலாது என்றனர். கெடு முடிய ஐந்து வாரம் இருந்தது. ஒரு குயர் நோட்டு வாங்கிவந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதினேன். செல்லரிக்கும் ஓலையைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய பழைய ஏட்டாளரின் வேலை அது. முழுதும் முடியவில்லை. கடைசி ஓராண்டுக் கடிதங்களில் ஏறத்தாழப் பாதி போயிற்று.

இதைப் பேத்திக்குச் சொன்ன பிறகே இருவரும் கடைக்குச் சென்றோம். முதலிற் பழைய ஐபோனை எடுத்தாள். ஐபோன் எக்ஸ் என்னும் வகை. ‘கோம்பை’ என்று தட்டினாள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. எழுத்தின் வடிவம் கண்ணுக்கு இனிதாகவும் இருந்தது. புதிய ஆண்ட்ராய்டிலும் தட்டினாள். அங்கும் பிழையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்தைத் தள்ளவும் கொள்ளவும் போதுமாயிருந்த உரைகல், இன்று இரண்டையும் தேறவிட்டது. அதில் எனக்கு ஏமாற்றம் இல்லை.

ஆகவே வேறு கேள்வி கேட்டோம். இன்னும் எத்தனை ஆண்டுகள் இத்தளத்துக்குப் புதிய பதிப்பும் காப்புத் திருத்தங்களும் வரும்? ஐபோன் எக்ஸ் 2017 இல் வெளிவந்தது. 2022 இன் பதினாறாம் பதிப்பே அதற்குக் கிடைத்த கடைசிப் பெரும்பதிப்பு. 2023 இல் வந்த பதினேழாம் பதிப்பு அதற்கு அளிக்கப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டு பேணப்படும் மலிவான ஆண்ட்ராய்டுக் கருவி அரிது. புதிதாக வாங்கியவருக்கு அது நல்ல வாணிகம். ஏழாம் ஆண்டில் வாங்குகிறவளுக்கு எஞ்சியிருப்பது குறைவு. ஆண்ட்ராய்டிலும் ஒரே நெறி இல்லை. 2023 இல் கூகுளும் 2024 இல் சாம்சங்கும் தம் உயர்ந்த வகைகளுக்கு ஏழாண்டுப் பேணுகையை உறுதிகூறின. எங்கள் விலையில் இருந்தவற்றுள் சிலவற்றுக்கு இரண்டாண்டே சொல்லப்பட்டது. கடைக்காரர் ஒளிப்படக் கருவியின் சிறப்பைக் கூறிக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளிவைத்து, அவ்வந்நிறுவனத்தின் அறிவிப்பைத் தன் தந்தையின் கைப்பேசியிலே தேடிப் படித்தாள். நான்காண்டு காப்புத் திருத்தம் உறுதிகூறிய ஒன்றைக் கண்டெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் விலை பதினாலாயிரத்துச் சொச்சம். தோழியர் முன் காட்டிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. பேருந்தில் வரும்போது அவள் முகம் சற்று வாடியே இருந்தது.

சில வாரங்கள் சென்றபின் ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மடியில் என் குயர் நோட்டு. பெரிய தாத்தாவின் கடிதங்களைக் கைப்பேசியில் ஏற்றுவதாகச் சொன்னாள். எந்தத் தளத்திலும் திறக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, தன் தந்தையின் கருவியிலும் கல்லூரிக் கணினியிலும் ஒவ்வொரு படி வைக்கிறாளாம். என் கையெழுத்து விளங்காத இடங்களில், “தாத்தா, இது கொம்பா, இரட்டைக்கொம்பா?” என்று கேட்கிறாள். இதுவரை முப்பத்திரண்டு கடிதங்கள் ஏறியிருக்கின்றன. நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.