கல் கணக்குக்கு ஊதா, வீட்டுக் கடிதத்துக்குக் கறுப்பு

புது மை கிடைத்தால் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நான் பே, தே, ஸே என்ற மூன்று அரபு எழுத்துகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பேன். பே-க்குக் கீழே ஒரு புள்ளி, தே-க்கு மேலே இரண்டு, ஸே-க்கு மேலே மூன்று. மை காகிதத்தில் பரவி இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் எழுத்தே வேறாகிவிடும். அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் தமிழ், எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர்கள் பழைய எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளி சேர்த்துத்தான் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து பின்னர் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்களின் நூல்களெல்லாம் இந்தப் புள்ளிகளை நம்பித்தான் நிற்கின்றன.

இம்முறை வந்தது ஊதா மை. காக்காவின் மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து, “மாமி, நீங்கள்தான் இதுக்குச் சரியான ஆள்” என்று கையில் கொடுத்தான். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் புள்ளிகள் கால் முளைத்து ஓடின. பழைய கணக்குப் புத்தகத்தின் மிச்சத் தாளில் மணி மணியாக நின்றன. நிறத்தைக் குறை சொல்லவே முடியாது. கோடு மெலிந்த இடத்தில் செவ்வந்திக்கல் போலவும், பேனா நின்று திரும்பிய இடத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவும் இருந்தது. ஆனால் காய நேரம் எடுத்தது. அந்த நேரம்தான் என்னை எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க வைத்தது.

தமிழை வலக்கையால் எழுதும்போது கை முன்னே போகும், எழுதியது பின்னே தங்கிவிடும். அரபுத்தமிழில் அப்படியில்லை. பேனா இடப்பக்கம் நகர நகர, எழுதிய ஈரத்தின் மேல்தான் கை வந்து விழும். அதனால்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த லெப்பை, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினார். அப்படி வைத்தாலும் மெதுவாகக் காயும் மை சுண்டுவிரலில் ஏறிவிடும்.

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அவருக்குக் கொழும்பில் கல் வியாபாரம். காயல்பட்டினத்தில் பல வீடுகளின் கதை இதுதான்: ஆண்கள் கொழும்பிலோ கல்கத்தாவிலோ இருப்பார்கள். பெண்கள் தாய்வீட்டை விட்டுப் போகமாட்டார்கள், ஏனென்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது எங்கள் ஊர் வழக்கம். 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொருவராகக் கடையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். அப்பாவும் வந்தார். கணக்குகளோடு வந்த அவருடைய பெட்டியில் அவர் எழுதிய காகிதங்கள் இரண்டு வகை. கடைக் கடிதங்களின் நகல் புத்தகம் முழுக்க ஊதா, தமிழெழுத்து. உம்மாவைப் பெற்ற உம்மாவுக்கு அவர் எழுதியவை முழுக்கக் கறுப்பு, அரபுத்தமிழ். இரண்டும் ஒரே கையெழுத்து, பல கடிதங்கள் ஒரே வாரத்தவை. ஒரே மேசையில் இரண்டு மைக்கூடு வைத்திருந்த மனிதர் அவர். புது மையைச் சோதித்த அன்றுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல ஊதா மையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊதா மை பேரரசர்களின் சொத்தாகத்தான் முதலில் வரலாற்றில் வருகிறது. 470ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஆண்ட முதலாம் லியோ, முட்சங்கிலிருந்து எடுத்த மையால் பேரரசரைத் தவிர வேறு யாரும் கையெழுத்திடக் கூடாது என்று சட்டம் போட்டார். அந்தச் சாயம் அவ்வளவு அரிது. 1909இல் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியல் அறிஞர் 12,000 சங்குகளை உடைத்தும் ஒன்றரை கிராம்கூடத் தேறவில்லை. நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் முட்சங்குகளும் அதே குடும்பம்தான். ஆனால் நம் ஆட்கள் கடலில் மூழ்கியது முத்துக்கும் வலம்புரிக்கும் வளையல் சங்குக்கும்.

எழுத்தருக்கு ஊதா கைக்கெட்டியது 1856க்குப் பிறகு. லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். மலேரியாவுக்குத்தான் அந்த மருந்து; கிழக்கு நாடுகளை ஆண்டவர்களுக்கு அது பெரிய தேவை. கிடைத்ததோ கரித்தாரிலிருந்து பிறந்த ஊதாச் சாயம். 1861இல் பிரான்சில் சார்ல் லோத் மெத்தில் வயலெட்டைக் கண்டார். பெர்க்கினின் சாயம் பட்டுத்துணிக்குப் போனது, மெத்தில் வயலெட் மைப்புட்டிக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் வாய்ப்புண்ணுக்குத் தடவிவிட்டு எங்களைப் பல நாள் ஊதா உதட்டோடு திரியவிட்ட ஜென்ஷன் வயலெட்டும் இதன் உடன்பிறப்பு. ரப்பர் முத்திரையின் மைப்பஞ்சு, நாக்கில் நனைத்து எழுதும் பென்சில், எல்லாம் அந்த ஒரே வம்சம்.

வியாபாரிகள் இதை விரும்பியது அழகுக்காக அல்ல, நகலுக்காக. நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட் 1780லேயே கடிதத்தை அழுத்திப் படியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். பின்னாளில் ஊதாச் சாயம் வந்தபின் அந்த முறைக்குத் தனி பலம் வந்தது, ஏனென்றால் துளி சாயமே தாராளமாக நிறம் கொடுக்கும். எழுதிய கடிதத்தை மெல்லிய தாள்களால் ஆன நகல் புத்தகத்துக்குள் வைப்பார்கள். அந்த மெல்லிய தாளைத் தூரிகையால் ஈரமாக்கியிருப்பார்கள். ஈரம் மற்றப் பக்கங்களுக்குப் பரவாமல் எண்ணெய்த் தாள் செருகி, புத்தகத்தை மூடி, இரும்பு அழுத்தியின் திருகை இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் கடிதத்திலிருந்து ஒரு படலம் மை மெல்லிய தாளில் இறங்கிவிடும். கடிதம் கப்பலுக்குப் போகும், நகல் கடையில் தங்கும். நகல் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். தப்பான பக்கத்தைத் திறந்தால் தமிழ் வலமிருந்து இடமாக ஓடும்.

கல் வியாபாரத்துக்கு இது உயிர். எந்த நீலம், எத்தனை கேரட், யாரிடம் விற்றுத்தரச் சொல்லி எந்தத் தேதியில் அனுப்பியது என்பதற்கு அந்த ஊதா வரியை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அப்பாவின் புத்தகத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எடையோடு அதில் இருந்த ஊறுபாடும் எழுதியிருக்கிறது: ஓரத்தில் பால் படர்ந்தது, உள்ளே இறகு போல் கீறல். கல் திரும்பி வரும்போது அதே கல்தானா என்று ஒத்துப் பார்க்க.

இப்படிப் படியெடுக்க வேண்டுமானால் மை முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. அதற்காகவே அதில் சர்க்கரை, கிளிசரின், பிசின் சேர்ப்பார்கள். ஒற்றுத்தாளும் வைக்க முடியாது, வைத்தால் நகலுக்குப் போகவேண்டிய மை அதில் போய்விடும். இடமிருந்து வலம் போகும் தமிழுக்கு அதனால் தொல்லையில்லை. அரபுத்தமிழ் எழுதினால் கை அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகும். மனைவிக்கு எழுதும் கடிதத்துக்கு நகலும் தேவையில்லை. அதற்கு அவர் இன்னொரு மைக்கூட்டைத் திறந்தார்.

அந்தக் கறுப்பு, கடுக்காய் மை. தாமிரபரணி இறங்கிவரும் பொதிகைச் சரிவுகளில் கடுக்காய் மரம் உண்டு, நாட்டுமருந்துக் கடையில் காய் எப்போதும் கிடைக்கும். கொட்டையை நீக்கித் தோலை இடித்து ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டி, அன்னபேதி போட்டு, வேலம்பிசின் கரைத்தால் மை. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்துதான் நிறம். எழுதும்போது வெளுப்பாகத் தெரிவது காற்றுப் படப்பட இருளும், தாளின் நாரோடு ஒன்றிவிடும், பிறகு தண்ணீருக்கு அசையாது. நானும் காய்ச்சியிருக்கிறேன். கலம் என்னும் நாணல் எழுதுகோலைக் கழுவும் கிண்ணத்தில் அது கரைவதைப் பாருங்கள், நீர்த்த நிலையில் அதுவும் ஊதாச் சாயலாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஊற்றுப்பேனாவுக்குள் ஊற்றாதீர்கள். அடியில் வண்டல் கட்டும், இரும்பு நிப்பை அரிக்கும்.

எங்கள் வீடுகளில் இன்னொரு மையும் இருந்தது. குங்குமப்பூவைப் பன்னீரில் ஊறவைத்துப் பீங்கான் தட்டில் குர்ஆன் ஆயத்து எழுதி, கழுவி, நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். அந்த எழுத்து நிற்க வேண்டியதே இல்லை. கரைவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று தெரிந்துதான் அவர்கள் மையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நாம் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கறுப்புக் கடிதங்களைப் படித்தவர் பள்ளிக்கூடம் போகாத பெண். தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. அரபுத்தமிழ் தெரியும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக் கப்பலில் அவருடைய பதிலும் போகும், வேறு யாரையும் படிக்கச் சொல்லாமல், எழுதச் சொல்லாமல். குடும்பத்தில் பெண்களுக்கு எழுத்தே கிடையாது என்று பேசுகிறவர்கள், அவர்கள் எழுதிய எழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகை வசூல், கொத்தனார் கூலி, பிள்ளைக்குக் கத்னா வைத்த செலவு, எல்லாம் அவருடைய கடிதங்களில் வரிசையாக இருக்கின்றன.

இன்று பெட்டியில் உள்ள ஊதாவுக்கும் கறுப்புக்கும் வெவ்வேறு நோய். மெத்தில் வயலெட் வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரத்தில் பரவும். கடுக்காய் மையின் புளிப்பு தாளைத் தின்னும், சில எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். ஊரில் வீடு இடித்துக் கட்டும்போது இந்த நகல் புத்தகங்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதைக் கண்ணால் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். ஒட்டிய தாள்களை ஈரத்துணி வைத்துப் பிரிக்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு வருடக் கணக்கு கலைந்துபோகும். பிளாஸ்டிக் உறை ஒட்டி லாமினேட் செய்யாதீர்கள். வெயில் படாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மெல்லிய தாளின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நேராகப் படிக்கும் பக்கத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். அரபுத்தமிழ்க் கடிதங்களாக இருந்தால் படித்துச் சொல்ல எங்கள் தெருவில் இன்னும் சில லாத்தாமார் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கொண்டுபோங்கள்.