அவனீந்திரநாதரின் அரேபிய இரவுகள்: ஓவியம் உரையாதல்

பழங்கதைகளைத் தழுவி வரையப்பெறும் ஓவியங்களைக் கதைக்கு அடங்கிய துணைப்பொருளாகக் கருதுவது இலக்கிய வரலாற்றில் பெருவழக்கு. அவ்வோவியமும் கதைக்கு எழுந்த ஓர் உரையே என்பதனை, அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) 1930ஆம் ஆண்டில் தீட்டிய 'அரேபிய இரவுகள்' ஓவிய வரிசையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சு மொழியில் பன்னிரு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் பின்னரே அவை ஐரோப்பாவெங்கும் பரவின. அவற்றுக்கு ஐரோப்பியர் வரைந்த படங்களுள், 1907இல் லண்டனில் வெளிவந்த எட்மண்ட் டூலாக்கின் வண்ணப்படங்கள் பெரும்புகழ் பெற்றன. அவற்றில் காணப்பெறும் கீழைநாடு, இன்ன ஊரென்று சுட்டவியலாத கனவுநாடேயாகும்.

1905இல் 'பாரத மாதா' ஓவியத்தால் நாட்டுணர்வின் ஓவியராக அறியப்பெற்ற அவனீந்திரநாதர் இவ்வழியைப் பின்பற்றவில்லை. சிற்றோவிய மரபைக் கையாண்ட அவர், கதை நிகழுமிடத்தைத் தாம் வாழ்ந்த வடகல்கத்தாவின் தெருக்களாக மாற்றினார். மீன்முள் தொண்டையில் சிக்கிய கூனனின் கதை இதற்குத் தக்க சான்று. அவ்வோவியத்தின் அடுக்குமாடி வீட்டில், 'கார், தாகூர்' நிறுவனத்தை நினைவூட்டும் பெயர்ப்பலகை உள்ளது. அந்நிறுவனத்தை 1834இல் வில்லியம் காருடன் இணைந்து நிறுவிய துவாரகநாத் தாகூர், ஓவியருடைய பாட்டனாரின் தந்தையாவார்.

கதைத் தேர்வும் கருதத்தக்கது. கூனன் இறந்தானென்று அஞ்சிய தையற்காரன், அவனுடலை யூத மருத்துவர் வீட்டில் விட்டுச் செல்கின்றான். அங்கிருந்து அது அரண்மனையைச் சார்ந்த முஸ்லிம் அலுவலரிடமும், பின் கிறித்தவத் தரகரிடமும் சேர்கின்றது. தூக்குமேடையில் ஒருவர் சாகவிருக்கும்போது, மற்றவர் ஒவ்வொருவராக முன்வந்து, 'கொன்றவன் நானே' என்கின்றனர். பல சமயத்தார் சுவரொட்டி வாழும் நகரம், அச்சத்தால் பழியை அயலார் மீது சுமத்துவதும், அறத்தால் அதனைத் தானே ஏற்பதும் இக்கதையின் உட்பொருள். 1926இல் இந்து–முஸ்லிம் கலவரங்களைக் கண்ட கல்கத்தாவில், நான்கே ஆண்டுகளுக்குப் பின் அந்நகரையே களமாக்கி இக்கதை தீட்டப்பெற்றது என்பது எண்ணத்தக்கது.

எனவே, கதையின் சொற்களை மட்டும் ஒப்பிட்டு அதன் பரவலை ஆராய்தல் போதாது. ஒரு கதை புதிய மண்ணில் எவ்வாறு பொருள்கொண்டது என்பதற்கு ஓவியமும் மூலச்சான்றாகக் கொள்ளத்தக்கது.