விருந்தாளிக்கு ஒரு அறை: யாருக்குத் திறந்தோம், யாருக்குப் பூட்டினோம்?

யாழ்ப்பாணத்தில் இண்டைக்குப் புது வீடு கட்டிற ஆக்களிட்ட வீட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. அதில் ஒரு அறை "வாற ஆக்களுக்கு" எண்டு இருக்கும். கட்டில், மெத்தை, அலுமாரி, ஏசி, அறையோடு சேர்ந்த பாத்றூம். வீட்டில் வேறெங்கும் இல்லாத வசதியெல்லாம் அந்த அறைக்குள் இருக்கும். வருசத்தில் பதினொரு மாதம் அது பூட்டியும் இருக்கும்.

இந்த அறைக்கு வயது குறைவு. எங்கள் ஊர்களில் விருந்தோம்பல் மிகப் பழையது, ஆனால் விருந்தாளிக்கென்று தனி அறை புதிது. அறை இல்லாத காலத்தில் விருந்தாளி எங்கே படுத்தார்? யாரை விருந்தாளி எண்டு கணக்கெடுத்தார்கள்? யாரை எடுக்கவில்லை? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் ஒரு வீட்டின் அமைப்பே வரலாற்றுப் புத்தகம் மாதிரி வாசிக்கக் கிடைக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். "விருந்து" என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை எண்டுதான் பொருள். தொல்காப்பியம் புதுவகையாகச் செய்யப்படும் நூலுக்கே "விருந்து" என்று பெயர் வைத்திருக்கிறது. அப்படியெண்டால் விருந்தாளி என்பவர் புதிதாக வந்தவர், முன்பின் அறியாதவர். சொந்தக்காரர் வந்தால் அது உறவு. அறியாத ஒருவர் வந்தால்தான் விருந்து. இண்டைக்கு நாங்கள் இந்தச் சொல்லைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்: தெரிஞ்ச ஆக்கள் விருந்தாளிகள், தெரியாத ஆள் படலையடியில் நிண்டால் நாயை அவிழ்த்து விடுவோம்.

பழைய யாழ்ப்பாண வளவில் புதியவருக்கான இடம் படலையிலேயே தொடங்கியது. சங்கடப்படலை எண்டு ஒண்டு இருந்தது. வாசலுக்கு மேலே சின்னக் கூரை, பக்கத்தில் குந்தியிருக்க இடம். வெயிலிலோ மழையிலோ தெருவால் போறவர் வீட்டுக்காரரைக் கேட்காமலே அதில் ஒதுங்கலாம். சில வீடுகளில் குடிக்கத் தண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் தலைவாசல். மண்வீட்டுக் காலத்தில் தலைவாசல், வீடு, குசினி எல்லாம் ஒரே வளவுக்குள் தனித்தனிக் கொட்டில்களாக நிண்டன. வந்தவர் தலைவாசலில் இருந்து கதைப்பார், பாய் விரித்து அங்கேயே படுப்பார். கல்வீடுகள் வந்த பிறகு அந்த வேலையைத் திண்ணையும் விறாந்தையும் செய்தன.

வீட்டுக்கு வெளியே இதே வேலையைச் செய்தவை மடங்கள். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்க்காதவர்கள் ஒருக்கால் போய்ப் பார்க்க வேணும். தெரு அந்த மடத்தின் நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல் தூண்கள், மேலே கூரை. கதவே இல்லாத ஒரு விருந்தினர் அறை அது. கால்நடையாகவும் வண்டிலிலும் ஊர்விட்டு ஊர் போன காலத்தில் பாதையோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் எல்லாம் ஒண்டாக இருந்தன. பிள்ளைத்தாச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுகிற வழக்கமும் இருந்தது. வீட்டில் விழுந்த துக்கத்தை ஊர்பேர் தெரியாத வழிப்போக்கரின் ஆறுதலாக மாற்றிய வழக்கம் அது.

இதுவரைக்கும் வாசிக்க இனிக்குது. இனித்தான் பிரச்சினை. தலைவாசல் எல்லாருக்கும் தலைவாசலாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் வந்தால் முற்றத்தில் நிக்க வேணும், திண்ணையில் ஏற முடியாது. ஒருத்தருக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி, இன்னொருத்தருக்குச் சிரட்டையில். வந்தவர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. அந்த வீட்டைக் கட்டினவரும், கூரையை வேய்ந்தவரும், கிணத்தை வெட்டினவரும் பலவேளைகளில் அதன் திண்ணையில் இருக்க முடியாதவர்கள். உள்வீட்டுப் பெண்களின் நிலை வேறு மாதிரி. விருந்தாளி எப்ப வந்தாலும் உலை வைக்க எழும்புவது அவர்கள். ஆனால் விருந்து உபசாரத்தின் பெயர் வீட்டு ஆம்பிளைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இதை அந்தக் காலத்து இளைஞர்களே கேள்வி கேட்டார்கள். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பிறகு வாலிபர் காங்கிரஸ் எண்டு அறியப்பட்ட யாழ்ப்பாண இயக்கம், சாதி பாராமல் சமமாக இருப்பதையும் ஒண்டாகச் சாப்பிடுவதையும் தன் கொள்கையாக்கியது. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்களுடைய அழைப்பில்தான். ஒருவரை எங்கே இருத்துகிறோம், யாரோடு சாப்பிட வைக்கிறோம் என்பது உபசாரம் மட்டுமில்லை, அது அரசியல் எண்டு அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைகளின் கதிரைகள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போகவேண்டி இருந்தது. காசு குடுத்துத் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில்கூட ஒரு கதிரைக்காக அடி வாங்க வேண்டி இருந்தது எண்டால், வீட்டுத் திண்ணையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

"கதிரை" எண்ட சொல்லும் ஒரு வரலாறு சொல்கிறது. இண்டைக்கு விருந்தாளி அறைக்குள் இருக்கிற சாமான்களை எண்ணிப் பாருங்கோ: கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, துவாய். எல்லாம் போர்த்துக்கேயம் தந்த சொற்கள். மேசையின் லாச்சியும் வளவு மூலையில் இருந்த கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் எண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒருத்தரும் விருந்தாளிகளாக வரவில்லை. ஆனால் விருந்தாளியை வசதியாக வைக்கத் தேவையான சொற்கள் அவர்களிடமிருந்து வந்தன. எங்களுடையதாக மிஞ்சியவை பாயும் கட்டிலும் தலகணியும்.

வீடுகளின் கதவுகள் உண்மையில் சோதிக்கப்பட்டது போர்க்காலத்தில். 1990 ஒக்ரோபர் 30 அண்டைக்கு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் இருந்தவர்கள் கையில் கொண்டுபோகக்கூடியதோடு போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினருக்குப் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கள் வளவுகளிலும் இடம் குடுத்தார்கள். விருந்தோம்பலில் பெருமைப்படுகிற நாங்கள் இந்தத் திகதியையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேணும். அதே நகரத்துக்கு அவர்களில் பலர் பிறகு வந்துபோற ஆக்களாகத்தான் வந்தார்கள்.

சரியாக ஐந்து வருசம் கழிச்சு, 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிளம்பியது. லட்சக்கணக்கான சனம் மழைக்குள் செம்மணி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் விறாந்தை, மாட்டுக்கொட்டில், மரத்தடி எல்லாமே விருந்தினர் அறையானது. ஒரு கிணத்தில் பல குடும்பங்கள் குளிச்சன, ஒரு அடுப்பில் மாறி மாறிச் சமைச்சன. கிணத்தடியில் சண்டையும் வந்தது, விறகுக்குப் பிணக்குப்பாடும் வந்தது. ஆனாலும் இடம் குடுத்தார்கள். 2000இல் சாவகச்சேரியே போர்க்களமானபோது அந்த இடம் குடுத்த சனமும் மூட்டையோடு வெளிக்கிட்டது. யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி எண்டது ஐந்து வருசத்துக்குள் மாறிப்போனது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து சனம் வரத் தொடங்கியது. 2009க்குப் பிறகு அது பெருகியது. அந்த ஏசி அறை பிறந்தது இந்தக் காலத்தில்தான். அனுப்பின காசில் கட்டின வீட்டில், அனுப்பினவர் வந்து நிக்க ஒரு அறை. இதில் பிழை ஒண்டும் இல்லை, பிள்ளைகளின் வரவுக்காகக் காத்திருக்கிற அம்மாவின் ஆசையும் அதற்குள் இருக்கு. ஆனால் நல்ல மெத்தையைப் பூட்டி வைச்சிட்டு, முழங்கால் நோவோடு அதே அம்மா ஹோலில் பாயில் படுக்கிறதைப் பார்க்க எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மலையகத்தில் 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவில் ஒரு குடும்பம் முழுக்க இருந்துகொண்டே வந்தவருக்கும் இடம் ஒதுக்கின வரலாறும் இந்த நாட்டில்தான் இருக்கு. ஆகவே அறை இருந்தால்தான் உபசாரம் எண்டில்லை.

அப்ப ஒரு அறையை எப்படி வரவேற்கிற இடமாக ஆக்கிறது? மேலே சொன்ன வரலாற்றிலேயே பதில் இருக்கு. சங்கடப்படலையில் தண்ணீர் கேட்காமல் கிடைச்சது, அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வையுங்கோ. மடத்தில் சுமையை இறக்க இடம் இருந்தது. அறையில் பெட்டி வைக்க ஒரு வாங்கு, ஈரத் துவாய் போட ஒரு கொடி, அலுமாரியில் ஒரு தட்டாவது வெறுமையாக இருக்கட்டும். நுளம்பு வலையில் ஓட்டை இருக்கோ எண்டு முதல் நாளே பாருங்கோ. லைட் சுவிச்சும் கக்கூசும் எங்கே எண்டு வந்தவுடனே காட்டுங்கோ, இரவில் கேட்கக் கூச்சப்படுவார்கள். முக்கியமாக, உள்ளுக்குப் பூட்டக்கூடிய கொண்டி வேணும். ஒரு பெண் பயமில்லாமல் நித்திரை கொள்ள மெத்தையை விட அதுதான் தேவை. இந்த வேலைகளை வீட்டு ஆம்பிளைப் பிள்ளைகளும் செய்யட்டும்.

மிச்ச மாதங்களில் அந்த அறையில் வீட்டின் வயசானவர் படுக்கட்டும். படிக்க வந்த சிநேகிதப் பிள்ளை நிக்கட்டும். அந்தப் பிள்ளை எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஊர் எண்டு வீட்டில் ஆரும் கேட்டால், அந்தக் கேள்விக்கு எவ்வளவு பழைய வரலாறு இருக்கு எண்டு நாங்கள்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேணும்.