சுவரில் இருந்த சட்டம்

கடைச் சுவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாமிப்படமும் கலண்டரும் தொங்கும் சுவர் அல்ல, சட்டம் தொங்கும் சுவர்.

ஆர்ச்வே பக்கம் ஏதாவது ஒரு சின்னக் கடைக்குள் போய் நின்று சுற்றிவரப் பாருங்கள். முன்பக்கம், ரில்லுக்குப் பின்னால், புகையிலை விற்கக்கூடிய வயதைச் சொல்லும் பெரிய அறிவித்தல். 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முதலில் அதில் 16 என்று இருந்தது, 2007 ஒக்ரோபர் 1 இல் 18 ஆக மாற்றினார்கள். பக்கத்தில் மதுபான லைசன்சின் சுருக்கம். 2003 ஆம் ஆண்டு லைசன்ஸ் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது கண்ணில் படும்படி இருக்கவேண்டும்.

இனி, யாரும் விட்டால் பின்பக்கத்து ஸ்ரோர் றூமுக்குள் போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி இரண்டு கடதாசி. ஒன்று வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லும் போஸ்ரர். 1989 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றில் அதைத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே விசயத்தைத் துண்டுப்பிரசுரமாக ஒவ்வொரு வேலையாளின் கையிலும் கொடுக்கவேண்டும். மற்றது முதலாளியின் கட்டாயக் காப்புறுதிச் சான்றிதழ். 1969 ஆம் ஆண்டுச் சட்டம். வேலையில் காயம்பட்டால் நட்டஈடு கொடுக்க ஆகக்குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். 2008 இலிருந்து அதைக் கொம்பியூட்டரில் பார்க்கக்கூடியதாக வைத்திருந்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

முன்னுக்கு இருப்பது எங்களை எச்சரிக்கும் சட்டம். வயது பாராமல் விற்றால் ரில்லில் நிற்பவனும் குற்றவாளி. பின்னுக்கு இருப்பது எங்களைக் காப்பாற்றும் சட்டம். எங்கட ஆட்கள் முன்னுக்கு இருப்பதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், பின்னுக்கு இருப்பதைப் பத்து வருசம் அதே கடையில் நின்றவரும் வாசித்திருக்கமாட்டார். அவர்களைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவனுக்கு எங்கே வாசிக்க நேரம்?

சரி, சட்டத்தைச் சுவரில் தொங்கவிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1802 இல் இங்கிலாந்தில் பருத்தி ஆலைகளில் வேலை செய்த அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் சேர் றொபேர்ட் பீல், தானே ஆலை முதலாளி. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கொடுக்கக்கூடாது, ஆலையை வருசத்தில் இரண்டு தரம் வெள்ளையடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, இந்தச் சட்டத்தின் பிரதியை ஆலைக்குள் கண்ணில் படும் இரண்டு இடத்தில் தொங்கவிட வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆனால் போய்ப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை. ஊர் நீதவான்கள் நியமிக்கும் பார்வையாளர்கள் பார்த்தால் உண்டு. சட்டம் சுவரோடு நின்றுவிட்டது.

1833 இல்தான் அரசாங்கம் நான்கு பரிசோதகர்களை நியமித்தது. அவர்களில் லெனார்ட் ஹோர்னர் என்பவர் பிறகு பேர்போனவர். முதலாளிகள் நேரத்தில் விளையாடுகிறார்கள் என்பதைப் பரிசோதகர்கள் கண்டார்கள். ஆலை மணிக்கூடு முதலாளியின் கையில். காலையில் முந்தி அடிக்கும், மாலையில் பிந்தி அடிக்கும். அதனால் 1844 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. நேரத்தை ஒரு பொது மணிக்கூட்டின்படி, உதாரணமாகப் பக்கத்து ரயில் ஸ்ரேசன் மணிக்கூட்டின்படி, கணக்கிட வேண்டும். வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தொங்கவிட வேண்டும். பரிசோதகரின் பெயரும் விலாசமும் அறிவித்தலில் இருக்கவேண்டும். யாரிடம் முறையிடுவது என்பதையும் சுவர் சொன்னது.

இந்த அறிவித்தலைப் பற்றி எழுதிய ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். ஆர்ச்வே ஸ்ரேசனில் இறங்கி மலையேறி, வாட்டர்லோ பூங்காவுக்குள்ளால் நடந்தால் ஹைகேற் மயானம். கார்ல் மார்க்ஸ். 1849 இல் லண்டனுக்கு வந்த அகதி, 1883 இல் இங்கேயே அடக்கமானவர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் வேலைநாள் பற்றிய நீண்ட அத்தியாயத்துக்கு ஹோர்னர் போன்ற பரிசோதகர்களின் அறிக்கைகளைத்தான் அவர் சாட்சியாக வைத்தார். 1844 இன் அந்த நேர அறிவித்தலும் அந்த அத்தியாயத்தில் வருகிறது. எங்கட சனம் ஆர்ச்வே றோட்டில் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் கொஞ்சம் திரும்பினால் அவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

இனி எங்களோடு சம்பந்தப்பட்ட கட்டத்துக்கு வருகிறேன்.

1896 இல் ஒரு சட்டம். சம்பளத்தில் தண்டம் வெட்டுவதைப் பற்றியது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டம் என்ற நிபந்தனை ஒன்றில் வேலையாள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும், அல்லது வேலையிடத்தில் எப்போதும் ஒட்டியபடி, சுலபமாகக் காணவும் வாசிக்கவும் பிரதி எடுக்கவும் கூடிய அறிவித்தலில் இருக்கவேண்டும். தண்டம் நியாயமானதாகவும் இருக்கவேண்டும். இது ஆலைக்கு மட்டுமல்ல, கடைச் சிப்பந்திகளுக்கும்தான்.

1909 இல் இன்னொன்று. குறைந்த சம்பளத் தொழில்களுக்கு ஆகக்குறைந்த கூலியைத் தீர்மானிக்கும் சபைகள். கொண்டுவந்தவர் வின்ஸ்ரன் சேர்ச்சில். பிற்காலத்தில் அவை சம்பள சபைகள் ஆகி, சில்லறைக் கடைகளும் அதற்குள் வந்தன. சபை தீர்மானித்த கூலியை வேலையாட்கள் பார்க்க ஒட்டிவைப்பது முதலாளியின் கடமை. அதாவது ஒரு காலத்தில் லண்டன் கடையொன்றில் நிற்பவன் தன்னுடைய சம்பளம் எவ்வளவாக இருக்கவேண்டும் என்று சுவரைப் பார்த்தே அறியலாம்.

இந்த இரண்டையும் கழற்றினார்கள். எப்போது என்று பாருங்கள். 1986 ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டம் 1896 இன் சட்டத்தை நீக்கியது, 21 வயதுக்குக் குறைந்தவர்களைச் சம்பள சபைகளின் பாதுகாப்பிலிருந்து வெளியே விட்டது. 1993 இல் சம்பள சபைகளையே கலைத்தார்கள், விவசாயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். எங்கட பெடியள் 83 கலவரத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. கனபேருக்கு 21 வயதுகூட இல்லை. வந்தவர்கள் பெற்றோல் ஷெட்டிலும் மதுபானக் கடையிலும் ரில்லுக்குப் பின்னால் நின்றபோது, சுவரில் ஆகக்குறைந்த சம்பளம் இல்லை, தண்ட விபரமும் இல்லை.

நான் நின்ற இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு கொப்பி இருந்தது. இரவு கணக்குக் குறைந்தால் அதில் எழுதுவார்கள், கிழமை முடிவில் சம்பளக் கவரில் அந்தக் காசு இருக்காது. ஒரு கிழமை சம்பளத்தில் கால்வாசி போனதும் உண்டு. என்னோடு நின்ற அண்ணர் ஒருவர் சொல்லுவார், "இது இஞ்சத்தை வழக்கமடா தம்பி, கதைச்சால் வேலை போயிடும்." நாங்கள் அதை நாட்டு வழக்கம் என்றே நம்பினோம்.

ஆனால் அதே 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவும் இருந்தது, இப்போது 1996 ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டத்தில் இருக்கிறது. சில்லறை வியாபாரத்தில் நிற்பவரிடம் ரில் குறைவுக்காகவோ சாமான் குறைவுக்காகவோ வெட்டுவதாக இருந்தால், அந்தச் சம்பளநாளின் மொத்தச் சம்பளத்தில் 10 வீதத்துக்கு மேல் வெட்டக்கூடாது. 200 பவுண் சம்பளம் என்றால் 20 பவுண், மிச்சத்தை அடுத்த சம்பளத்தில்தான் எடுக்கலாம். முதலே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும் அல்லது எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கவேண்டும். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த 10 வீத எல்லை இல்லை.

சட்டம் இருந்தது. சுவரில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவே பெரிய வித்தியாசம்.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தியாவில் 1936 இல் ஒரு சம்பளச் சட்டம் போட்டார்கள். எந்தெந்தப் பிழைக்குத் தண்டம் என்ற பட்டியலைத் தொழிலிடத்தில் அறிவித்தலாகக் காட்டவேண்டும், தண்டம் ரூபாவுக்கு அரை அணாவைத் தாண்டக்கூடாது, அதாவது மூன்று வீதம் சொச்சம். சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோரின் மொழியிலும் தொங்கவிட வேண்டும். ஆக, கோயம்புத்தூர் ஆலையில் நின்ற தமிழனுக்குத் தன் உரிமையைத் தமிழில் சுவரில் காணச் சட்டப்படி வழி இருந்தது. ஐம்பது வருசம் கழித்து லண்டனில் நின்ற தமிழனுக்கு ஆங்கிலத்தில்கூட இல்லை. (அந்த 1936 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய சம்பளக் கோவை வந்துவிட்டது.)

1999 ஏப்ரல் 1 இல் இங்கே தேசிய ஆகக்குறைந்த சம்பளம் வந்தது. மணித்தியாலத்துக்கு 3 பவுண் 60 பென்ஸ். 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது 12 பவுண் 21 பென்ஸ் ஆனது. அமெரிக்காவில் மத்திய அரசின் ஆகக்குறைந்த சம்பளத்தைப் போஸ்ரராக ஒட்டாமல் விடமுடியாது. இங்கே அப்படி ஒரு கடமையை வைக்கவில்லை. சிகரெட் வாங்கும் பெடியனின் வயது ஏ3 அளவில் தொங்குகிறது, அவனுக்கு விற்பவனின் சம்பளம் எங்கும் தொங்கவில்லை.

அறிவித்தல் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். 1802 இன் கதை அதற்குப் பதில். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. ஆனால் 1844 இன் கதையும் இருக்கிறது. நேரத்தை எழுதி, யாரிடம் போகலாம் என்றும் எழுதி, பார்க்க ஆளும் வைத்தபோது முதலாளியின் மணிக்கூடு நேராக ஓடத் தொடங்கியது.

இன்றைக்கு ரில்லுக்குப் பின்னால் நிற்பவர்கள் படிக்க வந்த பிள்ளைகளும், புதிதாக வந்த அகதிகளும். பல கடைகளில் முதலாளி எங்கட ஆள்தான், ஒரு காலத்தில் தானும் அந்தக் கொப்பியில் பெயர் எழுதப்பட்டவர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் கேட்கவில்லை என்றாலும், இந்த வருசத்து ஆகக்குறைந்த சம்பளத்தையும் அந்த 10 வீதக் கணக்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதி ஸ்ரோர் றூம் கதவில் ஒட்டுங்கள். ஒரு கடதாசியும் நாலு ஊசியும்தான் செலவு. ஒட்டப் பயமாக இருந்தால், ஏன் பயம் என்று உங்களையே ஒருக்கால் கேளுங்கள்.